உறவும் மாநில எல்லையும்

1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, சிகாகோ கடையொன்றிலிருந்து அஞ்சல்வழி டெக்சாசுக்கு வந்ததாகும். அனுப்புகூலியுடன் விலை 21 டாலர் 45 காசு! 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு மாண்ட பின்னரே, அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டார்.

அச்சட்டப்படி, வேறு மாநிலத்தில் வாழும் மகனுக்குத் தந்தை தம் கைத்துப்பாக்கியை நேரே கொடுத்தல் ஆகாது. மகனின் மாநிலத்திலுள்ள உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே அது கைமாறவேண்டும். உயிலாலோ வாரிசுரிமையாலோ வருவதற்கு விலக்குண்டு. வாழுங்கால் செல்லாத உறவு, மாண்டபின் செல்லுகின்றது, விந்தைதான்.

இவ்வகையில் ஆப்ராம்ஸ்கி வழக்கு குறிப்பிடத்தக்கது. வர்ஜீனியாவில் வாழ்ந்த அம்முன்னாள் காவலர், 2009இல் பென்சில்வேனியாவிலிருந்த தம் மாமாவுக்காகக் 'கிளாக் 19' துப்பாக்கி ஒன்றை வாங்கினார். காவலருக்குரிய விலைச்சலுகை கிட்டுமென்பது எண்ணம். மாமா 400 டாலருக்கான காசோலையை முன்னதாகவே அனுப்பியிருந்தார். பின்னர்ப் பென்சில்வேனிய வணிகரிடம் முறைப்படி கைமாற்றம் நடந்தது. மாமாவும் சோதனையில் தேறினார். எல்லை கடந்த வழியில் பிழையில்லை. கடைப் படிவத்தில், உண்மையில் வாங்குபவர் தாமே என்று குறித்ததுதான் வினையாயிற்று.

மாமாவும் தகுதியுடையவர்தாமே என்ற வாதம் எடுபடவில்லை. 2014 ஜூன் 16இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அவரைக் குற்றவாளியெனக் கண்டதை உறுதிசெய்தது. தம் பணத்தில் வாங்கி மாமாவுக்குப் பரிசளித்திருந்தால், அதே விடையை அப்படிவம் மெய்யென்றே ஏற்றிருக்கும்.