கூடைப்பந்தும் ஒரு நகரத்தின் கடனும்

அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் கூடைப்பந்தாட்டத்தில் பெரும்புகழ் பெறத் துடிப்பது ஏன் என்று கேட்டால், வறுமையிலிருந்து விடுபடவே என்று பலரும் விடையிறுப்பர். அவ்விடை பொய்யன்று, ஆயினும் போதாது. பொருள் ஒன்றையே நாடியவன் பொருள் வந்ததும் அமைதி கொள்வான். பொருளும் பெயரும் வந்தபின்னும் அமைதி கொள்ளாமல் நீதிமன்றப் படியேறிய ஒருவரின் வரலாறு அவ்விடைக்குள் அடங்குவதாயில்லை. அவர் ஆஸ்கார் ராபர்ட்சன்.

1938இல் டென்னசி மாநிலத்தில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிசுக்குக் குடிபெயர்ந்தார். கறுப்பினத்தார்க்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் வளர்ந்தார். பந்து வாங்க வழியில்லை. கந்தல் துணியை ரப்பர் வளையத்தால் சுற்றிக் கட்டி, வீட்டின் பின்புறத்தில் பீச் பழக் கூடையொன்றில் எறிந்து பழகினார். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தபோது மாடக் கைப்பிடியில் மாட்டியதும் பீச் பழக் கூடைதான். ஆட்டம் பிறந்த இடத்திலிருந்தே அச்சிறுவனும் தொடங்க நேர்ந்தது. காரணம் மட்டுமே வேறு.

அவர் பயின்ற பள்ளியின் வரலாற்றைச் சொல்லாமல் அவருடைய உள்ளத்தைச் சொல்ல இயலாது. கறுப்பின மாணவரை வெள்ளை மாணவரிடமிருந்து பிரித்து வைப்பதற்காகவே 1927இல் திறக்கப்பட்ட உயர்நிலைப்பள்ளி அது. குடியரசுத் தலைவராயிருந்த ஜெபர்சனின் பெயரைச் சூட்டுவதே முதலில் இருந்த எண்ணம். அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரின் பெயர் தம் பிள்ளைகளின் பள்ளிக்கு வேண்டா எனக் கறுப்பின மக்கள் மறுத்தனர். 1770இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலேயப் படையினர் சுட்டபோது முதலில் வீழ்ந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்னும் ஆப்பிரிக்க வழித்தோன்றலின் பெயரே பின்னர் நிலைத்தது. ஒரு பெயருக்குள்ள வலிமையைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கற்றறிந்த கறுப்பினத்தார்க்குப் பல்கலைக்கழகங்கள் கதவடைத்த காலம் அது. ஆதலால் உயர்பட்டம் பெற்ற ஆசிரியர் பலர் அப்பள்ளிக்கு வந்து சேர்ந்தனர். ஒதுக்குவதற்கென்று கட்டிய கட்டடம் அறிவுக்கூடமாயிற்று.

மாநிலப் போட்டியில் அட்டக்ஸ் பள்ளி கலந்துகொள்ள 1942 வரை இசைவில்லை. இசைவு கிட்டிய பின்னும் இடையூறுகள் ஓயவில்லை. பள்ளியின் ஆடரங்கு சிறிதாதலால் சொந்த ஆட்டங்களைக்கூடப் பிறர் அரங்குகளில் ஆட வேண்டியிருந்தது. பயிற்றுநர் ரே குரோவின் மாணவர்கள் முதல் பத்துப் புள்ளிகளை நடுவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் எடுப்பதே தமக்குரியது என்ற கணக்கில் ஆடினர். ஒரே விதிப்புத்தகம் இரு நிறத்தார்க்கும் பொது என்பதே இவ்வாட்டத்தின் ஈர்ப்பு. அந்தப் பொதுமையிலும் பத்துப் புள்ளி வட்டி கட்ட வேண்டியிருந்தது!

1954இல் மைலன் என்னும் சிற்றூரின் வெள்ளை மாணவர் அணி அட்டக்ஸை வென்று, மாநில வாகையும் சூடியது. அவ்வெற்றியைத் தழுவி 1986இல் 'ஹூசியர்ஸ்' என்ற திரைப்படம் வந்தது. அதில் இறுதியாட்டத்தில் தோற்கும் அணியின் பயிற்றுநராக நடித்தவர் யார் தெரியுமா? அதே ரே குரோ. ஆனால் அடுத்த ஆண்டு அவர் அணி நிகழ்த்திய வெற்றியை அன்று எந்தப் படமும் நாடவில்லை.

அவ்வெற்றி சிறிதன்று. 1955 மார்ச்சில் நடந்த இறுதியாட்டத்தில், மற்றொரு கறுப்பினப் பள்ளியான கேரி ரூஸ்வெல்டை அட்டக்ஸ் 97-74 என வென்றது. ராபர்ட்சன் எடுத்தவை 30 புள்ளிகள். கறுப்பினப் பள்ளியொன்று எல்லோர்க்கும் பொதுவான மாநில வாகையை வென்றது அந்நாட்டிலேயே அதுதான் முதன்முறை. அதற்குமுன் இண்டியானாபொலிசின் எந்தப் பள்ளியும், வெள்ளையர் பள்ளிகள் உட்பட, அவ்வாகையைப் பெற்றதில்லை. நகரம் நாற்பதாண்டுக்கு மேலாக ஏங்கிய பரிசை அது ஒதுக்கிவைத்த பிள்ளைகளே கொணர்ந்து தந்தனர்.

வாகையர் தீயணைப்பு வண்டியில் ஊர்வலமாகச் சென்று, நகர் நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் மக்களோடு மகிழ்ந்திருப்பது வழக்கம். அன்றிரவு வண்டி அவ்வட்டத்தைச் சுற்றியது, நிற்கவில்லை. கறுப்பினத்தார் வாழும் பகுதியிலிருந்த பூங்காவிற்கு நேரே கொண்டுசெல்லப்பட்டது. அங்கே தீ மூட்டிக் கொண்டாடினர். ராபர்ட்சன் இடையிலேயே விலகித் தந்தையின் வீட்டிற்குச் சென்று தரையில் படுத்தார். நாம் அவர்களுக்கு வேண்டாதவர்கள் என்று தந்தையிடம் கூறினார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

அவ்வயதில் அவ்வாறு புண்பட்டவர் ஆட்டத்தை வெறுத்திருக்கலாம். அவரோ மறு ஆண்டு 31 ஆட்டங்களில் ஒன்றும் தோற்காத அணிக்குத் தலைமகனாக நின்றார். ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்ற நம்பிக்கை அவ்விரவில் முறிந்திருக்கும். மறுக்க முடியாதவராக வேண்டும் என்ற உறுதி அவ்விடத்தில் முளைத்திருக்கும் என்றே கருதுகிறேன். இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது பிறர் கையிலிருப்பது. பின்னது தன் கையிலிருப்பது.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்திற்கு ஆடிய காலத்தில், ஹூஸ்டன் நகர விடுதி அவரை மட்டும் ஏற்க மறுத்தது. அணியினரைப் பிரிந்து கறுப்பினக் கல்லூரியொன்றின் மாணவர் விடுதியில் உறங்கினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு இணைத்தலைவரானார். 1961-62 பருவத்தில், தொழில்முறை ஆட்டத்தில், ஆட்டத்திற்குச் சராசரி 30.8 புள்ளிகளும், கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைக் கைக்கொண்டவை 12.5உம், பிறர் புள்ளியெடுக்கத் துணைநின்றவை 11.4உம் என மூன்றிலும் இரட்டை இலக்கம் கண்டார்.

புகழ் நிறைந்த அந்நிலையிலும் ஓர் உண்மை அவரை உறுத்தியது. தம்மைத் தேர்ந்தெடுத்த அணியை விட்டு விருப்பம்போல் வேறிடம் செல்ல ஆட்டக்காரர்க்கு உரிமையில்லை. ஒப்பந்தம் முடிந்தும் கட்டு அவிழாது. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக 1965இல் பொறுப்பேற்ற ராபர்ட்சன், 1970இல் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே மில்வாக்கி அணியோடு தொழில்முறை வாகையும் சூடினார். வழக்கோ ஆறாண்டு நீண்டு, 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. ஆட்டக்காரர்கள் தம் விருப்பப்படி அணி மாறும் வழி அதனால் திறந்தது. பின்வந்தோர் பெற்ற பெருஞ்சம்பளங்களுக்கு வித்திட்டதும் அவ்வழியே. வழக்கைத் தொடுத்தவர் அதற்கு ஈராண்டு முன்னரே, 1974இல், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.