பளபளன்னா மார்க் போச்சு!

காரைக் கண்ணாடி மாதிரி இழைச்சுக் கண்காட்சிக்குக் கொண்டு போறீங்க. நடுவர் சுத்திப் பார்த்துட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, அதனால மார்க் குறைக்கிறேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? நிஜமாவே நடக்குதுங்க, அமெரிக்காவுல. இந்தக் கூத்து எப்படி ஆரம்பிச்சதுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

1950. கலிபோர்னியாவில் பெப்பிள் பீச்ல ஒரு கார் பந்தயம். கூடவே ஒரு கார் அழகுப் போட்டி. முதல் சில வருஷம் ஜெயிச்சதெல்லாம் பெரும்பாலும் புதுக் கார்கள்தான். 1955-ல பில் ஹில் (பின்னாடி 1961-ல ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனாரே, அவரேதான்) தன் குடும்பத்தோட 1931 பியர்ஸ்-ஆரோ காரைச் சீர்செஞ்சு கொண்டுவந்து முதல் பரிசை அடிச்சார். போருக்கு முந்தைய கார் ஒண்ணு அங்க ஜெயிச்சது அதான் முதல் தடவை. அப்புறம் என்ன, பழைய காரைப் புதுசாக்குற பைத்தியம் எல்லாரையும் புடிச்சுக்குச்சு. எந்த அளவுக்குன்னா, செஞ்ச கம்பெனியே அந்த நேர்த்தியில செஞ்சிருக்காது!

இதுக்கு எதிர்ப்பாட்டு கார்வெட் ரசிகர்கள்கிட்டேர்ந்து வந்துச்சு. 1974-ல என்.சி.ஆர்.எஸ்.னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு: தொழிற்சாலையை விட்டு வெளிய வந்த அன்னிக்கு இந்தக் கார் எப்படி இருந்துச்சு? இயக்கம், உள்பக்கம், வெளிப்பக்கம், இன்ஜின், சேஸின்னு அஞ்சு பிரிவா மார்க். 94 சதவீதம் தாண்டினாதான் 'டாப் ஃப்ளைட்'. செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு விழுந்திருந்தா, உங்க கார்லயும் அப்படித்தான் இருக்கணும். வழுவழுன்னு இருந்தா வெட்டு.

நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயம் இனிமேதான். 60-கள் கார்வெட் இன்ஜின் பிளாக்ல வார்த்த தேதி இருக்கும். D 12 7-ன்னா ஏப்ரல் 12, 1967. A ஜனவரி, B பிப்ரவரி, அப்படியே எண்ணிக்குங்க. ஜன்னல் கண்ணாடியில ஒரு தேதி, ஆல்டர்னேட்டர்ல ஒரு தேதி. எல்லாம் கார் தயாரான நாளுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கணும். கார் மே மாசம், கண்ணாடி ஜூலைன்னா மாட்டிக்கிட்டீங்க. நம்ம பில்ட் ஃபைல்ல டைம்ஸ்டாம்ப் பார்க்குற மாதிரியேதான் :)

ஆனா மார்க்குக்கும் 'நம்பர் மேட்சிங்' கார் விலைக்கும் ஆசைப்பட்டு, வேற இன்ஜினோட நம்பரை இழைச்சு அழிச்சுட்டு புது நம்பர் குத்துறவங்களும் கிளம்பினாங்க. அசல்ல மெஷின் போட்ட மெல்லிய கோடுகள் இழைச்சதும் போயிடும். நடுவர் டார்ச் அடிச்சுத் தேடுறது அதைத்தான். அசலுக்காக வந்த விதியே போலியை வளர்த்துச்சு பாருங்க.

அடுத்த கேள்வி தானா வந்தது. 'அசல் மாதிரி' இருக்கறதும் அசலும் ஒண்ணா? 1990-ல ப்ளூமிங்டன் கோல்ட், தொடாத கார்களுக்குன்னே 'சர்வைவர்' விருது கொண்டுவந்தது. 2001-ல பெப்பிள் பீச்லயும் அப்படிப்பட்ட கார்களுக்குத் தனிப் பிரிவு. 2024-ல அங்க முதல் பரிசு வாங்கினது 1934 புகாட்டி டைப் 59. ஒருகாலத்துல பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டோட கார். தேஞ்சுபோன கறுப்புப் பெயிண்ட், மஞ்சள் கோடு, அதை யாரும் புதுசாக்கலை. பாதுகாப்புப் பிரிவுக் கார் ஒண்ணு அங்க முதலிடம் வாங்கினது அதுவே முதல் முறை. 1955-ல தொடங்கின வட்டம் முழுசாச்சு.

எனக்குப் பட்டது இதுதான். பெயிண்டை எத்தனை தடவை வேணா அடிக்கலாம், சுரண்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ பழைய வண்டி கிடந்தா, மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. கழட்டின பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. அழுக்கை மட்டும் துடைங்க, சரித்திரத்தைத் துடைச்சுடாதீங்க.