பல் சுகாதாரப் பணியாளரின் தொழில்சார் தன்னம்பிக்கை

பல் சுகாதாரப் பணியாளரின் தொழில்சார் தன்னம்பிக்கை என்பது, ஈறு நோயாளிகளின் பற்களைத் துப்புரவு செய்யும் பணியாளர் தம்மால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதைச் சரியாக அறிந்து செயற்படும் தன்மையைக் குறிக்கும். இது வெறும் துணிச்சலிலிருந்து வேறுபட்டது. ஈறு நோய்ச் சிகிச்சையின் முழுப் பலன் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. சில வாரங்கள் கழித்தே அதனை அளந்தறிய முடியும். ஆகவே இத்தன்னம்பிக்கை பெரும்பாலும் அளவீடுகளைச் சார்ந்தே வளர்கிறது.

தொழிலின் தோற்றம்

அமெரிக்காவின் பிரிட்ச்போர்ட் நகரைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்சு, 1906-இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பற்களைத் துப்புரவு செய்யப் பயிற்சி அளித்தார். 1913-இல் இதற்கெனப் பயிற்சிப் பள்ளியொன்றையும் தொடங்கினார். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம், பற்காரை நீக்குதல், பற்களைத் துப்புரவு செய்து மெருகிடுதல், வாய்ச் சுகாதாரம் கற்பித்தல் ஆகியவற்றை இப்பணியாளரின் வேலைகளாக வரையறுத்தது. இதற்கான பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள் கொண்டது.

ஈறு நோயின் இயல்பு

பற்களின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு அழற்சிக்கு முதன்மைக் காரணம். 1965-இல் ஹெரால்ட் லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் 10 முதல் 21 நாட்களுக்குள் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கியதும் அது மறைந்தது. அழற்சி ஆழமாகப் பரவிப் பல்லைத் தாங்கும் எலும்பை அழிக்கும் நிலை, பற்சூழ்திசு அழற்சி எனப்படும். ஈறு அழற்சி முழுமையாகக் குணமாகக்கூடியது. ஆனால் இழந்த எலும்பு துப்புரவால் மட்டும் முன்போல் திரும்புவதில்லை.

லோ குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரிடம் 1970-இல் மற்றோர் ஆய்வைத் தொடங்கி, 15 ஆண்டுகள் தொடர்ந்தனர். 1986-இல் வெளியான முடிவின்படி, பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ இல்லாத இவர்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைவாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக முற்றியது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சிக்கு அப்பால் செல்லவில்லை. அதாவது, ஒரே வகைச் சூழலிலும் ஒவ்வோர் உடலும் வெவ்வேறாக எதிர்வினை புரிகிறது. பலன் குறைவாக இருக்கும்போதெல்லாம் பணியாளர் தம்மையோ நோயாளியையோ மட்டும் குறை கூறிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

ஐயம் தோன்றும் சூழல்கள்

* ஈறுக்குக் கீழுள்ள பற்காரையைக் கண்ணால் காண இயலாது. கருவியின் நுனி தரும் தொடுவுணர்வைக் கொண்டே நீக்க வேண்டும்.
* ஈறில் இரத்தம் கசிந்தால் புதியவர்கள் தாம் காயப்படுத்திவிட்டதாக அஞ்சிக் கையைப் பின்வாங்குவதுண்டு. மென்மையாகத் தொட்டாலே இரத்தம் கசிவது பொதுவாக அழற்சியின் அறிகுறியாகும்.
* பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற நம்பிக்கை மக்களிடையே உள்ளது. உண்மையில் வீக்கம் வடிந்து காரையும் நீங்கிய பின், முன்பே ஏற்பட்டிருந்த எலும்பிழப்பு இடைவெளியாக வெளிப்படுகிறது. சில நாட்கள் பற்கூச்சமும் இருக்கலாம். இவற்றைச் சிகிச்சைக்கு முன்னரே கூறினால் விளக்கமாகும். பின்னர் கூறினால் சாக்குப்போக்காகத் தோன்றும்.

வளர்க்கும் வழிகள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுக்களைக் குறிப்பிட்டார். அவற்றை இத்தொழிலுக்குப் பின்வருமாறு பொருத்தலாம்:

* செய்து பெறும் தேர்ச்சி: மாதிரித் தாடையில் பழகி, எளிய நோயாளியிலிருந்து கடினமானவருக்கு முன்னேறுதல்.
* பிறரைப் பார்த்துக் கற்றல்: அனுபவமிக்கவரின் கைப்பிடி, விரல் ஊன்றல், கருவிக் கோணம் ஆகியவற்றைக் கவனித்தல்.
* பிறரின் ஊக்கம்: பொதுவான பாராட்டைக் காட்டிலும் எந்தப் பல்லில் காரை எஞ்சியுள்ளது எனச் சுட்டும் கருத்து பயன் தரும்.
* உடல், மன நிலை: சரியான இருக்கை உயரமும் தீட்டிய கருவியும் கைநடுக்கத்தையும் களைப்பையும் குறைக்கும்.

அளவீட்டின் பங்கு

ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறின் பள்ளம் அளக்கப்படுகிறது. 28 பற்கள் இருப்பின் 168 அளவுகள் கிடைக்கும். பொதுவாக 3 மி.மீ. வரை இயல்பானது. 4 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளங்களும் இரத்தக் கசிவும் சிகிச்சைக்கு முன்னும், சில வாரங்களுக்குப் பின்னும் ஒப்பிடப்படுகின்றன. ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே அளந்து பார்ப்பது, பணியாளர் தம் அளவீட்டின் நம்பகத்தன்மையை அறிய உதவும்.

எல்லைகளை அறிதல்

சீழ், பல்லாட்டம், ஆழமான பள்ளம், ஆறாத புண், கட்டுப்படாத நீரிழிவு, இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவை இருந்தால் பல் மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது. புகைபிடிப்போரிடம் இரத்தக் கசிவு குறைவாகத் தெரிவதால், கசிவின்மையை மட்டும் கொண்டு நோயில்லை என முடிவு செய்தல் தவறாகும். 'இது என் வரம்புக்கு அப்பாற்பட்டது' எனக் கூறுவதும் தன்னம்பிக்கையின் ஒரு பகுதியே.

புதுக்கோட்டை மாவட்டச் சூழல்

புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள திருமயம் போன்ற ஊர்களுக்கு இது அருகிலுள்ள உயர் சிகிச்சை மையமாக அமைகிறது. சிற்றூர் மருத்துவமனையொன்றில் தனியாகப் பணிபுரியும் பல் சுகாதாரப் பணியாளருக்கு, பார்த்துக் கற்கவோ கேட்டுத் தெளியவோ அதே தொழிலைச் சேர்ந்த மற்றொருவர் அருகில் இருப்பதில்லை. அத்தகையோருக்கு நோயாளியின் பழைய, புதிய அளவுகள் அடங்கிய பதிவேடே தம் வேலையின் நிறைகுறைகளைக் காட்டும் ஆசானாக விளங்குகிறது.