சுட்ட கை யாருடையது? ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகமும் பிளவுபட்ட ரசிகர்களும்

ஒரு வீடியோ கேமின் அடுத்த பாகம் ரசிகர்களைப் பிளக்கும்போது வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. படைப்பாளிகள் எல்லை மீறி மாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது என்பது மற்றொன்று. நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கி 2020 ஜூன் 19 அன்று வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்துக்கு இவை இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை. பதுங்கி நகர்வது, பற்றாக்குறைத் தோட்டாக்களோடு சமாளிப்பது என்று ஆடும் முறை முதல் பாகத்தின் நேரான வளர்ச்சிதான். விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் 93. மூன்றே நாளில் 40 லட்சம் பிரதிகள் விற்றன. ஆனாலும் அதே தளத்தில் பயனர் மதிப்பெண் தரையைத் தொட்டது. முதல் பாகத்தில் ஆடுபவர் தம் கையால் செய்து முடித்த ஒரு செயலை, இரண்டாம் பாகம் மீண்டும் எடுத்து விசாரணைக்கு வைத்தது. பிளவின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

2013-இல் வந்த முதல் பாகம், பூஞ்சைத் தொற்றால் சிதைந்த அமெரிக்காவில் நடக்கிறது. கடிபட்டும் நோய் பற்றாத எல்லி என்ற சிறுமியை ஜோயல் நாட்டின் குறுக்கே அழைத்துச் செல்கிறான். மருந்து காண அவள் மூளையை அறுக்க வேண்டும், அவள் பிழைக்கமாட்டாள். சால்ட் லேக் சிட்டி மருத்துவமனையில் தடுத்தவர்களைக் கொன்றுகொண்டே ஜோயல் அறுவை அறைக்குள் நுழைகிறான். அங்கே கத்தியோடு மறித்து நிற்கும் மருத்துவரைக் கொல்லாமல் ஆட்டம் ஓர் அடி நகராது. எந்த ஆயுதம் என்பது மட்டும் ஆடுபவர் விருப்பம். அந்த மருத்துவருக்குப் பெயர்கூடக் கிடையாது. சிலர் தயங்காமல் சுட்டார்கள். சிலர் வேறு வழி உண்டா என்று அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுட்டார்கள். செய்தது சரி என்றோ தவறு என்றோ ஆட்டம் தீர்ப்புச் சொல்லவில்லை. அதனால்தான் இரு சாராரும் ஏழு ஆண்டுகள் ஒரே ரசிகர் கூட்டமாக இருக்க முடிந்தது.

இரண்டாம் பாகம் அந்த மருத்துவருக்கு ஜெர்ரி என்ற பெயரையும் ஏபி என்ற மகளையும் தருகிறது. ஆட்டம் தொடங்கிச் சில மணி நேரத்திலேயே ஏபி, எல்லியின் கண்முன் ஜோயலைக் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்கிறாள். பழிவாங்கச் சியாட்டில் செல்லும் எல்லியாக மூன்று நாட்கள் ஆடுகிறோம். பிறகு கதை பின்னோக்கிச் சென்று, அதே மூன்று நாட்களை ஏபியாக ஆட வைக்கிறது. எவளை வேட்டையாடினோமோ அவளுடைய கைகளுக்குள் நாம் நுழைய வேண்டும்.

மறைந்து நின்று வாலியைக் கொன்றது அறமா என்று நம் பட்டிமன்றங்கள் இன்னும் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டு அணிகளும் உரக்க வாதாடிவிட்டுச் சிரித்தபடி கலைகின்றன. காரணம் எளிது: அவையில் இருப்பவர் எவரும் அந்த அம்பை எய்தவரல்லர். இங்கே நிலைமை வேறு. எய்தவர்களையே அவையில் உட்கார வைத்து, இறந்தவரின் மகளைப் பேச விடுகிறது இரண்டாம் பாகம். சுட்டது ஜோயல், தாம் பார்த்தவர் மட்டுமே என்று கருதியவர்களுக்கு ஏபியின் கதை ஒரு விரிவாக்கம். சுட்டது தாமே என்று கருதியவர்களுக்கு அது குற்றச்சாட்டு.

கதைக் கசிவு, வெறுப்பு என்ற மாற்று விளக்கங்கள் இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. 2020 ஏப்ரலில் கதையின் முக்கியத் திருப்பங்கள் கசிந்தன. ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் ஆட்டத்துக்கு வெளியான அன்றே பூஜ்ஜியங்கள் குவிந்தன. அவை ஆடியவர்களின் தீர்ப்பாக இருக்க முடியாது. மறுமாதமே மெட்டாகிரிட்டிக், ஒரு கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர் மதிப்புரை எழுதலாம் என்று விதித்தது. எல்லி பெண்ணை விரும்புவதும் ஏபியின் தசை முறுக்கிய உடலும் சிலரின் வெறுப்பைக் கிளறின என்பதும் உண்மை. ஏபிக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆனால் எல்லியின் காதல் 2014-இல் வந்த ‘லெஃப்ட் பிஹைண்ட்’ துணைக்கதையிலேயே வெளிப்பட்டுவிட்டது. அப்போது இப்படியொரு பிளவு ஏற்படவில்லை. வெறுப்பரசியல் இரைச்சலை விளக்குகிறது. முழுவதும் ஆடிமுடித்து, முதல் பாகத்தை இன்றும் நேசித்தபடியே இதை மன்னிக்காதவர்களை அது விளக்கவில்லை.

விளம்பரத்தில் ஏமாற்றியதுதான் காரணம் என்பாரும் உண்டு. 2019 டிரெய்லரில் ஜோயல் தோன்றும் காட்சியில், ஆட்டத்தில் வேறொருவன் நிற்கிறான். ஆனால் இந்தத் தந்திரத்தை 2001-இலேயே கேம் வடிவமைப்பாளர் ஹிடியோ கோஜிமா செய்தார்: டிரெய்லர்களில் முந்தைய நாயகன் ஸ்னேக்கைக் காட்டிவிட்டு, ‘மெட்டல் கியர் சாலிட் 2’ ஆட்டத்தின் பெரும்பகுதியை ரைடன் என்ற புதியவனிடம் ஒப்படைத்தார். கொதிப்பு எழுந்தது, காலப்போக்கில் அது ஒரு வகைப் பாராட்டாகவே மாறிவிட்டது. அங்கே பறிபோனது நாயகனின் இடம் மட்டும்தான். முந்தைய ஆட்டத்தில் ஆடியவர் செய்த எதையும் அது குற்றமாக்கவில்லை.

வாதத்தின் மறுபக்கமும் உண்டு. விசாரிக்கும் உரிமை இந்த ஆட்டத்துக்கு உண்டா? எல்லியாக இருக்கும்போது பாயும் நாயைக் குத்திக் கொல்லப் பட்டனை அழுத்தியாக வேண்டும். பின்னர் ஏபியாக அதே நாயோடு பந்து விளையாட வைக்கிறார்கள். ஓர் அரங்கில் இருவரும் மோதும் கட்டத்தில், ஏபியாக எல்லியைத் தாக்க மறுத்துச் சும்மா நின்றால் செத்து, அதே இடத்தில் மறுபடி தொடங்க வேண்டியதுதான். மறுக்கும் வழியை அடைத்துவிட்டு மனச்சாட்சியை மட்டும் கேட்பது நேர்மையான விசாரணை அல்ல. நாய்க் காட்சி எனக்கு மலிவாகவே படுகிறது. இயக்குநர் நீல் டிரக்மனும் உடன் எழுதிய ஹாலி கிராஸும் வெறுப்பின் சுழற்சியைக் காட்ட முயன்றார்கள். அதில் ஆடுபவரின் கையையும் கட்டிப்போட்டார்கள். இறுதியில் ஏபியின் கழுத்தைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டிருக்கும் எல்லி விட்டுவிடுகிறாள்; அந்த முடிவையும் அவள்தான் எடுக்கிறாள், நம்மிடம் கேட்கவில்லை. கொல்ல விரும்பியவர்களுக்கும் விட விரும்பியவர்களுக்கும் ஒரே பதில்.

2025-இல் நாட்டி டாக், நிகழ்ந்த கால வரிசைப்படியே கதையை ஆடும் ஒரு வசதியைச் சேர்த்தது. சிதறிக் கிடந்த பின்னோக்குக் காட்சிகள் முன்னே வருவதால், கோல்ஃப் மட்டை ஓங்கப்படும் முன்பே ஏபியின் தந்தையை நாம் அறிந்திருப்போம். சொல்முறைதான் பிளவுக்குக் காரணம் என்றால் இந்த வடிவத்தில் அது ஆற வேண்டும். ஆறாது என்றே நான் எதிர்பார்க்கிறேன். எந்த வரிசையில் அடுக்கினாலும் அறுவை அறையில் அந்தப் பட்டனை அழுத்தியவர்கள் மாறப்போவதில்லை.