பல் ஊசியும் இதயமும்

நம் வயதுக்காரர்கள் பலரிடம் ஒரு பயம் இருக்கிறது. "ஹார்ட் பேஷன்ட் ஆச்சே, பல் பிடுங்க ஊசி போட்டா ஆகாது" என்று ஆடும் பல்லோடு மாதக்கணக்கில் கஞ்சி குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று படித்துப் பார்த்தேன்.

1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும் என்று காட்டினார். விரைவிலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதைக் கீழ்த்தாடை நரம்பருகே ஊசியாகப் போட்டார். மரத்தது உண்மைதான். ஆனால் தம்மிடமே சோதித்துப் பார்த்த அவர் கொக்கெய்னுக்கு அடிமையானார். அது இதயத்துக்கும் ஆகாத மருந்து.

பிறகு ஜெர்மனியில் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவகெய்ன் வந்தது. அது ரத்தக் குழாய்களை விரிப்பதால் மருந்து சீக்கிரமே ரத்தத்தில் கலந்துவிடும், மரப்பு நிற்காது. ஹைன்ரிக் பிரவுன் என்ற ஜெர்மன் சர்ஜன், குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினைச் சிறிதளவு சேர்க்கும் வழியைக் கொண்டுவந்தார். இதயத்தைத் துரிதப்படுத்துவதும் இதே அட்ரினலின்தான். நம் பயத்தின் வேர் இங்கேதான்.

1943-ல் ஸ்வீடனில் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெய்ன், 1948-ல் சைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றும் பல் டாக்டரின் மேஜையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதிலும் அட்ரினலின் சேர்ப்பதுண்டு.

இதய நோயாளிக்கு எவ்வளவு அட்ரினலின் தரலாம்? 1955-ல் நியூயார்க் இதயச் சங்கம் 0.2 மில்லிகிராம் வரை என்றது. பின்னாளில் அது இன்னும் குறைக்கப்பட்டு, 0.04 மில்லிகிராம் என்பது வழக்கமானது. ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் உள்ள மருந்தில் அது சுமார் இரண்டு குப்பி.

அட்ரினலினே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். மரப்பு சரியாக இல்லாமல் வலித்தால், நம் உடம்பே அட்ரினலினைச் சுரக்கும். அது ஊசியில் உள்ளதைவிட அதிகமாகவும் இருக்கலாம். அதனால்தான் அளவாக, மெதுவாக, ஊசிமுனை ரத்தக் குழாயில் இல்லை என்று பின்னிழுத்துப் பார்த்துப் போடுகிறார்கள்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது: மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை அட்ரினலினோடு சேர்ந்தால் பிரஷரை ஏற்றலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தால் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோயைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளும் ஊசியைவிட, சொல்லாமல் போட்டுக்கொள்ளும் ஊசிக்குத்தான் பயப்பட வேண்டும்.