80 டாலர் கேம்: இந்த விலை எப்போ ஆரம்பிச்சுது?

1/
நின்டெண்டோ 2025 ஜூனில் வெளியிட்ட மாரியோ கார்ட் வேர்ல்ட் கேமுக்கு அமெரிக்காவில் விலை 80 டாலர். கடையில் டப்பாவா வாங்கினாலும் அதே விலை, வீட்டிலிருந்தே டவுன்லோட் பண்ணினாலும் அதே விலை. டப்பா இல்ல, லாரி வாடகை இல்ல, கடை வாடகை இல்ல. அப்புறம் ஏன் இவ்வளவு?

2/
டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு நினைக்காதீங்க. யார் வலின்னு வந்தாலும் நாங்க முதல்ல கேட்கிறது "எப்போ ஆரம்பிச்சுது? எப்படி கூடுச்சு?" என்பதைத்தான். இந்த விலைக்கும் அப்படி ஒரு ஹிஸ்டரி எடுத்துப் பார்ப்போம் வாங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்.

3/
2005 நவம்பர். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வெளியாகுது. கூடவே ஆர்கேட் என்ற டவுன்லோட் கடை. அங்கே முதல்ல பேர் வாங்கின கேம் ஜியோமெட்ரி வார்ஸ். விலை வெறும் 5 டாலர். அதே நேரம் கடையில் டிஸ்க் கேம் 60 டாலர்.

4/
ஏன் அவ்வளவு மலிவு? அந்த கன்சோலின் மலிவான மாடலில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. 64 எம்பி மெமரி கார்டில்தான் கேமை வைக்கணும். அதனால ஆர்கேட் கேம் எதுவும் 50 எம்பியைத் தாண்டக் கூடாதுன்னு விதி. சின்ன கேம், சின்ன டீம், சின்ன விலை. கணக்கு நேர்மையா இருந்தது.

5/
ஆனா ஒரு சூட்சுமம் இருந்தது. விலையை டாலரில் போடல, "பாயின்ட்ஸ்"ல போட்டாங்க. 80 பாயின்ட் ஒரு டாலர். கேம் 400 பாயின்ட். ஆரம்பத்தில் நீங்க வாங்கக்கூடிய சின்ன பேக்கே 500. மீதி 100 பாயின்ட் கணக்கிலேயே தூங்கும். அதை செலவழிக்க மறுபடியும் பேக் வாங்கணும். பணம் கையை விட்டுப் போகும்போது மனசுக்கு ஒரு சின்ன வலி வரும். அந்த வலிதான் நம்மை யோசிக்க வைக்கும். பாயின்ட்ஸ் அதை மரத்துப் போக வைக்கிற மருந்து. 2013ல்தான் இந்த முறையைக் கைவிட்டாங்க.

6/
2008 ஆகஸ்ட். ஜோனதன் ப்ளோ உருவாக்கிய பிரெய்ட் வருது. 1200 பாயின்ட், அதாவது 15 டாலர். "டவுன்லோட் கேமுக்கு 15 டாலரா? சில மணி நேரத்தில் முடிஞ்சிடுமே"ன்னு பெரிய சண்டை. ஆனா கேம் அருமை. திட்டினவங்களும் வாங்கினாங்க. நல்லா வித்தது.

7/
இங்கேதான் கவனிக்கணும். பிரெய்ட் 15 டாலருக்குத் தகுதியான கேமா? ஆமாம். ஆனா சந்தை கற்றுக்கொண்ட பாடம் "நல்ல கேமுக்கு 15 கொடுப்பாங்க" என்பதல்ல. "15 கொடுப்பாங்க" என்பதுதான். இரண்டே வருஷம். 2010 கோடையில் மைக்ரோசாஃப்ட் முன்னிறுத்திய ஐந்து ஆர்கேட் கேம்களும் 1200 பாயின்ட். 2012ல் மைன்கிராஃப்ட் 1600 பாயின்ட், 20 டாலர்.

8/
இதுக்கு நடுவில் 2009ல் இன்னொரு கதவு திறந்தது. பெரிய டிஸ்க் கேம்களையே முழுசா டவுன்லோட் பண்ணலாம். இங்கே ஒரு வேடிக்கை. கேம் பழசாக ஆக கடைக்காரர் டிஸ்க் விலையைக் குறைப்பார், ஏன்னா அலமாரியில் இடம் வேணும். டவுன்லோட் கடைக்கு அலமாரியே கிடையாது. அதனால பல சமயம் டிஸ்க்கைவிட டவுன்லோட் விலை அதிகமா நின்னுது.

9/
இப்போ 100 வருஷம் பின்னாடி போகணும், பொறுத்துக்குங்க. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டு, "1 டாலருக்குக் குறைச்சு விற்கக் கூடாது"ன்னு உள்ளேயே அச்சடிச்சது. நியூயார்க் மேசீஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு வித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1908ல் தீர்ப்பு: ஒரு பிரதியை நீங்க வித்துட்டா, அதற்குப் பிறகு அதை என்ன விலைக்கு மறுபடி விற்கிறதுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

10/
பழைய புத்தகக் கடை, செகண்ட்ஹேண்ட் கேம் கடை எல்லாத்துக்கும் அங்கே சட்டப் பாதுகாப்பு இதுதான். அதோட பலன் என்ன? 60 டாலருக்கு டிஸ்க் வாங்கி, முடிச்சுட்டு 25க்கு வித்தா, உங்க உண்மையான செலவு 35. டவுன்லோட் கேமை யாருக்கும் விற்க முடியாது. 70 கொடுத்தா, செலவும் 70. விலைச் சீட்டில் ஏறினது 10. உங்க பையிலிருந்து கூடுதலா போனது 35.

11/
இதை கம்பெனிகள் நல்லா புரிஞ்சு வச்சிருந்தாங்க. 2013 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு பழைய டிஸ்க் விற்பனையில் கட்டுப்பாடுகள் அறிவிச்சாங்க. மக்கள் கொந்தளிச்சாங்க. சில நாட்களிலேயே, ஜூன் 19 அன்று, வாபஸ். ஆனா அப்போ கட்டளை போட்டுச் செய்ய முடியாததை, பிறகு சத்தமில்லாம வசதியா மாற்றி செஞ்சாங்க. 2019ல் டிஸ்க் டிரைவே இல்லாத எக்ஸ்பாக்ஸ். 2020ல் 100 டாலர் குறைவான, டிஸ்க் இல்லாத பிளேஸ்டேஷன் 5. 2019 ஏப்ரலிலிருந்து பிளேஸ்டேஷன் கேம்களின் டவுன்லோட் கோடை மற்ற கடைகள் விற்பதையும் சோனி நிறுத்தியது. அந்தக் கன்சோலுக்கு இப்போ ஒரே கடை, ஒரே கடைக்காரர்.

12/
மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லேன்னா அது ஹிஸ்டரி ஆகாது. 2005ன் 60 டாலர், பணவீக்கத்தைச் சேர்த்தா 2025ல் கிட்டத்தட்ட 100 டாலர். பிரெய்டின் 15 இன்னிக்கு 22. பெரிய கேம்களுக்கு இப்போ ஆயிரக்கணக்கானோர் வருஷக்கணக்கா உழைக்கிறாங்க. தள்ளுபடி நாட்களில் டவுன்லோட் கேம்கள் பாதிக்கும் கீழே இறங்குது. எனவே "கொள்ளை"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிட முடியாது.

13/
என் வருத்தம் விலை மேல இல்ல, பண்டத்து மேல. விலை ஏறும்போது கையில் கிடைப்பது குறைஞ்சுகிட்டே வருது. விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. கடையே மூடினா? 2023 மார்ச்சில் நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கடைகள் மூடின. 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 கடையும். ஏற்கெனவே வாங்கினவங்க மறுபடி டவுன்லோட் பண்ணிக்கலாம். ஆனா அங்கே மட்டுமே இருந்த கேம்களைப் புதுசா வாங்க இனி வழியில்ல. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா சட்டம் சொல்லுது: "வாங்கு"ன்னு பட்டன் வச்சா, இது வெறும் உரிமம்தான்னு தெளிவா சொல்லியாகணும்.

14/
சரி, இதுக்கு சிகிச்சை உண்டா? உண்டு. 2025ல் மைக்ரோசாஃப்ட் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2'வுக்கு 80 டாலர்னு அறிவிச்சது. எதிர்ப்பு கிளம்பியது. ஜூலையில் 70க்கு இறங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் ஒரு குட்டி டீம் செஞ்ச சில்க்சாங் 20 டாலருக்கு வந்தது. வாங்க வந்த கூட்டத்தில் டவுன்லோட் கடைகளே திணறிப் போச்சு.

15/
2008ல் திட்டிக்கிட்டே வாங்கினோம், விலை நின்னுடுச்சு. 2025ல் வாங்கறதுக்கு முன்னாடியே முகம் சுளிச்சாங்க, விலை இறங்குச்சு. அதனால அடுத்த தடவை வீட்டுப் பிள்ளை ஒரு கேம் கேட்டா, "எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "முடிச்சதும் வேற யாருக்காவது கொடுக்க முடியுமா?"ன்னும் கேளுங்க. முடியாதுன்னா, ஆறு மாசம் பொறுங்க. தள்ளுபடி தானா வரும். காத்திருக்கிறதால எந்த கேமும் கெட்டுப் போறதில்ல.