ஒக்கோட்டியோ: கள்ளி என்று நம்பவைத்த புதர்

அமெரிக்காவின் தென்மேற்கிலும் வட மெக்சிகோவிலும், பாறைப் பள்ளத்தாக்குகளின் காய்ந்த சரிவுகளில் வளரும் புதர் இது. நடுத்தண்டு கிடையாது. அடியிலிருந்தே நீண்ட கழிகள் விரிந்து கிளம்பி, இருபது அடி வரைகூட உயரும். ஆண்டின் பெரும்பகுதி அவற்றில் முள் மட்டும்தான்; பட்டுப்போன செடி என்றே தோன்றும். வசந்தம் வந்ததும் கழிகளின் நுனியில் குழல் வடிவச் சிவப்புப் பூக்கள் கொத்துக்கொத்தாக வெடிக்கும். வடக்கே வலசை போகும் ஹம்மிங் பறவைகளுக்கு வழியில் கிடைக்கும் தேன் அது.

தாவரவியலாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணின் மக்களுக்கு ஒக்கோட்டியோ பழகிய செடி. அப்பாச்சி மக்கள் அதன் வேரைப் பொடித்து வீக்கத்துக்குப் பூசினார்கள். கலிபோர்னியாவின் கவீயா மக்கள் பூவையும் விதையையும் உண்டார்கள். வெட்டிய கழியை மண்ணில் ஊன்றினால் வேர்விடும் என்பதால், நெருக்கமாக நட்டு உயிர்வேலியும் அமைத்தார்கள். கொங்கு நாட்டின் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்கு அந்த உத்தி புதிதல்ல.

அறிவியல் ஏட்டில் அது ஏறிய கதையில் ஒரு போரும் உண்டு. அடால்ஃப் விஸ்லிசேனஸ் ஜெர்மானிய மருத்துவர். 1833இல் பிராங்க்பர்ட்டில் நடந்த கிளர்ச்சியில் கலந்துகொண்டு, நாட்டைவிட்டுத் தப்பி, கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறியவர். 1846இல் ஒரு வணிகக் கூட்டத்தோடு சான்டா ஃபே வழியாக மெக்சிகோவுக்குக் கிளம்பினார். அதே ஆண்டில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. சிவாவா மாநிலத்தின் கோசிவிரியாச்சி என்ற மலையூரில் அவரைக் காவலில் வைத்தார்கள். அங்கும் சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். 1847இல் அமெரிக்கப் படை சிவாவாவைப் பிடித்த பிறகே விடுதலை.

பயணத்தில் உலர்த்திய செடிகள் அவருடைய நண்பர் ஜார்ஜ் எங்கெல்மானிடம் போய்ச் சேர்ந்தன. அவரும் செயின்ட் லூயிஸில் மருத்துவர், தாவரவியலில் தேர்ந்தவர். 1848இல் அமெரிக்க செனட் அச்சிட்ட விஸ்லிசேனஸின் பயண அறிக்கையின் பின்னிணைப்பில், ஒக்கோட்டியோவுக்கு 'ஃபூக்கியேரியா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று பெயர் சூட்டினார். ஃபூக்கியேரியா என்ற பேரினத்தை ஒரு பிரெஞ்சு மருத்துவரின் நினைவாக 1823இலேயே தாவரவியலாளர் குந்த் நிறுவியிருந்தார்.

பெயர் கிடைத்தும் குழப்பம் தீரவில்லை. இன்றும் பலர் இதைக் கள்ளி என்கிறார்கள். முள்ளைக் கவனித்தால் வேறுபாடு விளங்கும். கள்ளிக்கு முள் கிளம்புவது மெத்தை போன்ற சிறு புள்ளிகளிலிருந்து. ஒக்கோட்டியோவின் இளங்கழியில் முதலில் வருவது காம்புள்ள இலை. இலைப்பரப்பு உதிர்ந்ததும் காம்பின் அடிப்பக்கம் இறுகி முள்ளாக நின்றுவிடுகிறது. பின்னர் மழை பெய்த சில நாள்களில் அந்த முள்ளின் கக்கத்திலிருந்து சிற்றிலைகள் கொத்தாகத் துளிர்க்கும். ஈரம் வற்றியதும் உதிரும். ஓராண்டிலேயே இப்படிப் பலமுறை நடப்பதுண்டு.

எந்தக் குடும்பம் என்பதிலும் வல்லுநர்கள் தடுமாறினார்கள். நம் கல்லூரிகளில் பாடமாக உள்ள பெந்தம்–ஹூக்கர் வகைப்பாடு இதை டமாரிஸ்க் செடிகளோடு சேர்த்தது. பின்னாளில் டிஎன்ஏ ஆய்வு அதை மாற்றியது. இப்போது ஒக்கோட்டியோ தன் நெருங்கிய இனங்களோடு தனிக் குடும்பம். அந்தக் குடும்பம் இருப்பது தேயிலை, இலுப்பை, மகிழம் ஆகியவை அடங்கிய எரிகேல்ஸ் வரிசையில்.

அரிசோனாவில் இன்று இதன் கழிகளைக் கம்பியால் கோத்து வேலித் தட்டிகளாக விற்கிறார்கள். நட்டதில் சில வேர்விட்டுத் துளிர்க்கின்றன, சில காய்ந்த வேலியாகவே நிற்கின்றன. வேரோடு பிடுங்கிய செடி என்றால் சட்டம் குறுக்கே வரும்: அந்த மாநிலத்தில் ஒக்கோட்டியோ பாதுகாக்கப்பட்ட தாவரம். காட்டிலிருந்து அதை எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டும் அரசின் அடையாள வில்லையும் வேண்டும்.